நிலக்கரிச் சாம்பலிலிருந்து அருமண் தனிமங்களைப் பிரிப்பது எப்படி: லேப் அளவில் ஒரு முழுமையான வழிகாட்டி

அனல்மின் நிலையத்திலிருந்து ஒரு பக்கெட் சாம்பல் வாங்கி வந்துவிட்டு அடுத்து என்ன செய்வது என்று நிற்கும் எம்.எஸ்சி., எம்.டெக்., பிஹெச்.டி. மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். 1 கிராமில் தொடங்கி 100 கிராம் வரை, லேப் அளவு மட்டும்.

ஆரம்பிக்கும் முன் ஒரு கணக்கு. அருமண் தனிமங்கள் (லாந்தனைடுகள், கூடவே இட்ரியம், ஸ்காண்டியம்) மொத்தம் 400 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 400 பங்கு, உள்ள சாம்பல் உங்களிடம் இருக்கிறது என்று வையுங்கள்; உலகளவில் நிலக்கரிச் சாம்பலின் சராசரியும் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தச் சாம்பல் 100 கிராமில் உங்களுக்கு வேண்டியது 40 மில்லிகிராம். அதே 100 கிராமில், அலுமினா 25 சதவீதம் என்றால், அலுமினியம் மட்டும் 13 கிராம். இரும்பு இன்னொரு 3 அல்லது 4 கிராம், மிச்சத்தில் பெரும்பகுதி சிலிக்கா. ஆகவே அருமண்ணைக் கரைப்பது இந்த வேலையில் பாதிகூட இல்லை. கூடவே கரைந்து வரும் அலுமினியம், இரும்பு, கால்சியம், சிலிக்கா நான்கையும் எங்கே எப்படிக் கழற்றிவிடுவது என்பதுதான் வேலை. கீழே உள்ள படிகளின் வரிசை அதற்காகவே.

1. எந்தச் சாம்பல் என்று தெரிந்துகொள்ளுங்கள்

சாம்பல் எல்லாம் ஒன்றல்ல. எந்த நிலக்கரி எரிந்தது, எந்த இடத்தில் எடுத்தது என்ற இரண்டும் தெரியாவிட்டால் பிறகு வரும் எந்த எண்ணுக்கும் அர்த்தம் இருக்காது.

மேட்டூர், தூத்துக்குடி, வட சென்னை நிலையங்களில் ஒடிசாவின் தால்சேர், ஐபி பள்ளத்தாக்கு நிலக்கரியோடு இறக்குமதி நிலக்கரியையும் கலந்து எரிப்பதுண்டு. கலவை விகிதம் மாறும்போது சாம்பலும் மாறும். ஆகவே சாம்பல் வாங்கும்போதே அன்றைக்கு எந்த நிலக்கரி, என்ன விகிதம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

எடுத்த இடமும் முக்கியம். பாய்லரின் அடிச்சாம்பல் வேறு, இஎஸ்பி (புகையிலுள்ள தூளை மின்புலத்தால் பிடிக்கும் கருவி) ஹாப்பரில் விழும் உலர் சாம்பல் வேறு, குளத்துச் சாம்பல் வேறு. இஎஸ்பியில் முதல் வரிசை ஹாப்பர்களில் பருக்கையும், பின்வரிசைகளில் நுண்ணிய தூளும் விழும். நுண்ணிய பகுதியில் அருமண் சற்றுக் கூடுதலாக இருப்பதே வழக்கம். குளத்துச் சாம்பல் தண்ணீரில் ஊறிக் கிடந்தது, எந்த ஆண்டுச் சாம்பல் என்றே சொல்ல முடியாது. முதல் முறை செய்பவர்கள் இஎஸ்பி உலர் சாம்பலையே எடுங்கள்.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் சாம்பல் தனி ரகம். அதில் சுண்ணாம்புச் சத்து கூடுதல், ஆசிடில் எளிதாக இளகும். தால்சேர் வகை நிலக்கரியின் சாம்பலில் சுண்ணாம்பு குறைவு, பெரும்பகுதி அலுமினோசிலிக்கேட் கண்ணாடி உருண்டைகள், அருமண் அந்தக் கண்ணாடிக்குள்ளேயே சிறைபட்டிருக்கும். இந்த ஒரு வித்தியாசம்தான் 5, 6-ஆம் படிகளைத் தீர்மானிக்கிறது.

பழுப்பு நிலக்கரியே கையில் கிடைத்தால், எரிப்பதற்கு முன்பே நீர்த்த ஆசிடில் கழுவிப் பார்க்கலாம். வடக்கு டகோட்டா பல்கலைக்கழகத்தினர் தங்கள் ஊர் லிக்னைட்டில் செய்வது அதுதான். அதில் அருமண்ணின் பெரும்பகுதி கரிமப் பொருளின் கார்பாக்சில் தொகுதிகளில் தளர்வாக ஒட்டியிருக்கிறது, எரித்துவிட்டால் அந்த வசதி போய்விடும். அது வேறு வழி, இங்கே சாம்பல் மட்டும்.

2. எண்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

கட்டுரைகளைப் படிக்கும்போது நிலக்கரி அடிப்படையா, சாம்பல் அடிப்படையா என்று முதலில் பாருங்கள். நிலக்கரியில் 100 பிபிஎம் இருந்து, அதில் சாம்பல் 40 சதவீதம் என்றால், எரித்த பின் 250 பிபிஎம். அதே 100 பிபிஎம் நிலக்கரியில் சாம்பல் 10 சதவீதம் மட்டும் என்றால் 1000 பிபிஎம். நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் பொதுவாக 30 முதல் 45 சதவீதம், ஆகவே எரிவதால் செறிவு இரண்டு மூன்று மடங்குக்கு மேல் கூடாது. வெளிநாட்டுக் கட்டுரையில் 1000 பிபிஎம் பார்த்துவிட்டு அதை நம் சாம்பலிலும் எதிர்பார்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

இன்னொன்று: மொத்தம் என்றால் எத்தனை தனிமங்களின் மொத்தம்? சிலர் லாந்தனைடுகளை மட்டும் கூட்டுவார்கள், சிலர் இட்ரியத்தையும் சேர்ப்பார்கள், சிலர் ஸ்காண்டியத்தையும் சேர்ப்பார்கள். சிலர் ஆக்சைடாகச் சொல்வார்கள், சிலர் தனிமமாக. உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் நீங்கள் எதைக் கூட்டுகிறீர்கள் என்று எழுதிவிட்டு கடைசிவரை அதை மாற்றாதீர்கள்.

3. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

1000 °செ. வரை போகும், 450 °செ.க்கு நிதானமாக ஏற்றக்கூடிய மஃபிள் ஃபர்னஸ். காஸ்டிக்கோடு வறுக்க நிக்கல் க்ரூசிபிள், இதற்குப் பதிலாக வேறு எதையும் எடுக்க வேண்டாம், காரணம் 6-ஆம் படியில். ஓடும் ஃபியூம் ஹுட். ஓடுகிறதா என்று ஒரு டிஷ்யூ காகிதத்தைப் பிடித்துப் பார்த்துவிடுங்கள், பல லேப்களில் சத்தம் மட்டும்தான் வரும். பிஹெச் மீட்டரோடு 1.68 பஃபரும் வேண்டும். பெரும்பாலும் 4, 7, 10 பஃபர்களில் மட்டும் சரிசெய்துவிட்டு பிஹெச் 1.8-ல் வேலை செய்கிறார்கள், அந்த அளவீட்டை நம்ப முடியாது.

ஐசிபி-எம்எஸ் (தனிமங்களை மிக நுண்ணிய அளவில் அளக்கும் கருவி) உங்கள் துறையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வெளியே காசு கொடுத்து அளக்கலாம். ஆனால் எத்தனை மாதிரிகளுக்குக் காசு இருக்கிறது என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். எல்லாக் காசையும் கரைசல்களுக்குச் செலவழித்துவிட்டு, மிச்சத் திண்மத்தை அளக்க வழியில்லாமல் நிற்பது மிகவும் சாதாரணமாக நடக்கிறது.

ஒப்புப் பொருளாக நிலக்கரிச் சாம்பலுக்கென்றே அமெரிக்கத் தர அளவீட்டு நிறுவனம் தரும் என்ஐஎஸ்டி 1633சி கொஞ்சம் கிடைத்தால் நல்லது. விலை அதிகம், ஆனால் பல லேப்களில் யாரிடமாவது ஒரு பாட்டில் இருக்கும். 1 கிராம் கேட்டு வாங்குங்கள்.

4. மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்

இந்தப் படியைத் தாண்டிப் போனவர்களின் அறிக்கையில் மீட்பு சதவீதம் 130 என்றெல்லாம் வரும். கீழே வகுக்கும் எண்ணே தப்பு என்றால் மேலே என்ன செய்தும் பயனில்லை.

முதலில் பக்கெட் சாம்பலைப் பாலித்தீன் ஷீட்டில் கொட்டி, கூம்பாகக் குவித்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகளை எடுத்து மறுபடி குவித்து, இப்படியே குறைத்து அரைக் கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். பக்கெட்டின் மேலாக ஒரு கரண்டி அள்ளினால் அது மேலாக வந்து நின்ற சாம்பலின் அளவுதான், ஏனென்றால் வண்டியில் வரும்போதே நுண்தூளும் பருக்கையும் பிரிந்துவிடும்.

அதில் 1 கிராமை எடைபோட்டு 750 °செ.யில் எரித்து எடையிழப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். எரியாத கரி எவ்வளவு என்று ஏறக்குறைய தெரிந்துவிடும். எரித்த இந்தத் தூளை மொத்த அளவீட்டுக்கு மட்டும் பயன்படுத்துங்கள், ஆசிட் சோதனைகளுக்கு எரிக்காத சாம்பலே வேண்டும். எரித்தால் கால்சியம் இருக்கும் நிலையே மாறிவிடும்.

மொத்தமாகக் கரைக்க மூன்று வழிகள் உண்டு. ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் முதலாவது. புதியவர்களுக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன். தோலில் பட்டால் உடனே வலிக்காது, உள்ளே எலும்பு வரை போய்விடும், கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கையெட்டும் தூரத்தில் இல்லாமல் அந்த பாட்டிலைத் திறக்கவே கூடாது. ஆபத்து ஒருபுறம் இருக்க, வேதியியலிலும் ஒரு பொறி இருக்கிறது: அருமண் ஃபுளோரைடுகள் கரையாது. ஃபுளோரைடை முழுவதும் விரட்டாவிட்டால் குழாயின் அடியில் மெல்லிய வெள்ளைப் படிவமாக உங்கள் அருமண்ணே உட்கார்ந்திருக்கும், நீங்கள் தெளிந்த கரைசலை மட்டும் அளந்து பாதியை இழப்பீர்கள்.

இரண்டாவது, சோடியம் பெராக்சைடோடு 450 °செ. சுற்றுவட்டத்தில் அரை மணி நேரம் சூடாக்கி, பின் ஆசிடில் கரைப்பது. நல்ல வழிதான், ஆனால் சாம்பலில் கரி இருந்தால் பெராக்சைடு சீறும். அதனால்தான் முதலில் எரிக்கச் சொன்னேன்.

மூன்றாவது, நான் பரிந்துரைப்பது, லித்தியம் மெட்டாபோரேட் உருக்கு. 0.1 கிராம் சாம்பலோடு 0.6 கிராம் மெட்டாபோரேட்டைக் கிராஃபைட் க்ரூசிபிளில் நன்றாகக் கலந்து, 950 முதல் 1000 °செ.யில் 15, 20 நிமிடம். சிவக்கச் சிவக்க இருக்கும் அந்த முத்தை 5 சதவீத நைட்ரிக் ஆசிடில் அப்படியே ஊற்றிக் கலக்குங்கள். கண்ணாடித் துண்டு எதுவும் மிஞ்சாமல் கரைய வேண்டும். உப்பு அதிகம் என்பதால் ஐசிபி-எம்எஸ்ஸுக்கு நன்றாக நீர்க்க வேண்டும், ரோடியம், ரீனியம் போன்ற உள் ஒப்புத் தனிமம் கட்டாயம். சாம்பலே போடாத வெற்று மாதிரி ஒன்று எல்லா முறையும் கூடவே போக வேண்டும்.

முடிவு வந்ததும் நேராகக் கூட்டிப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு லாந்தனைடின் அளவையும் பூமியின் மேலோட்டில் அதன் சராசரி அளவால் வகுத்து, லாந்தனத்திலிருந்து லுட்டீசியம் வரை கோடு போட்டுப் பாருங்கள். கோடு ஏறக்குறைய வழவழப்பாகப் போக வேண்டும். ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கினால் அளவீட்டில் பிழை. யூரோப்பியம் மட்டும் தனியாக எகிறி நின்றால் பேரியத்தைச் சந்தேகப்படுங்கள்: பேரியம் 135, 137 இரண்டும் ஆக்சிஜனோடு சேர்ந்து சரியாக யூரோப்பியம் 151, 153 மேலேயே வந்து விழும். சாம்பலில் பேரியம் நூற்றுக்கணக்கான பிபிஎம், யூரோப்பியம் ஒன்றிரண்டு. அதே மாதிரி நியோடிமியம் ஆக்சைடு டெர்பியத்தின் மேல், பிரசியோடிமியம் ஆக்சைடு கடோலினியத்தின் மேல். ஸ்காண்டியம் 45-ன் மேல் சிலிக்கான் ஆக்சைடு விழும். வெளி லேபில் அளந்தால், இந்தத் திருத்தங்கள் செய்யப்பட்டதா என்று வெட்கப்படாமல் கேளுங்கள்.

மொத்தம் 300 பிபிஎம்முக்குக் கீழே வந்தால் வேறு சாம்பல் தேடலாம். அமெரிக்க எரிசக்தித் துறை தன் திட்டங்களுக்கு மூலப்பொருள் தேர்வு செய்ய வைத்திருந்த கீழ் வரம்பு அதுதான். ஆனால் அதை வேதவாக்காக எடுக்க வேண்டாம், காரணம் அடுத்த படியில்.

5. நேரடி ஆசிட் சோதனை: வறுக்க வேண்டுமா, வேண்டாமா?

1 கிராம் எரிக்காத சாம்பல், 20 மி.லி. 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் ஆசிட், மூடிய குழாய், 85 °செ., நான்கு மணி நேரம். வடித்து, கரைசலையும் மிச்சத்தையும் அளந்து, மொத்தத்தில் எத்தனை சதவீதம் வெளியே வந்தது என்று பாருங்கள்.

டியூக் பல்கலைக்கழகக் குழு 2016-ல் அமெரிக்கச் சாம்பல்களை வரிசையாக அளந்தது. அப்பலாச்சியன் நிலக்கரிச் சாம்பலில் சராசரி 591 பிபிஎம், பவுடர் ரிவர் சாம்பலில் 337 மட்டுமே. ஆனால் சூடான நைட்ரிக் ஆசிடில் வெளிவந்தது முதலாவதில் சுமார் 30 சதவீதம், இரண்டாவதில் சுமார் 70 சதவீதம். பெருக்கிப் பாருங்கள், குறைவாக இருந்த சாம்பல்தான் கூடுதலாகக் கொடுத்திருக்கிறது. சுண்ணாம்பு அதிகமுள்ள கண்ணாடி ஆசிடுக்கு வழிவிடும், அவ்வளவுதான் ரகசியம்.

ஆக, 60 சதவீதத்துக்கு மேல் வந்தால் 6, 7-ஆம் படிகளைத் தாண்டி நேராக 8-க்குப் போய்விடுங்கள். 30 சதவீதத்தைச் சுற்றி நின்றால் காஸ்டிக் சோடாவோடு வறுத்தே ஆக வேண்டும். நடுவில் இருந்தால் காஸ்டிக் செலவைப் பார்த்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

இந்தச் சோதனையில் அடிக்கடி நடக்கும் தவறு, முடிந்த பின் பிஹெச் பார்க்காமல் விடுவது. சுண்ணாம்புள்ள சாம்பல் ஆசிடைத் தின்றுவிடும். 2 மோலாருக்குப் பதில் நீர்த்த ஆசிடில் தொடங்கினால் கடைசியில் பிஹெச் 4-க்கு ஏறி, கரைந்ததெல்லாம் அலுமினியப் படிவத்தோடு மறுபடி கீழே போயிருக்கும். சாம்பலில் ஒன்றும் இல்லை என்று எழுதிவிடுவார்கள். முடிவில் பிஹெச் 1-க்குக் கீழே இருந்தால்தான் அந்தச் சோதனை செல்லும்.

6. காஸ்டிக் சோடாவோடு வறுத்தல்

இதன் நோக்கம் கண்ணாடியை உடைப்பது. சோடியம் ஹைட்ராக்சைடு 318 °செ.யில் உருகி, அலுமினோசிலிக்கேட்டைத் தின்று சோடியம் சிலிக்கேட்டாகவும் ஆசிடில் கரையும் சேர்மங்களாகவும் மாற்றிவிடும். அருமண் ஹைட்ராக்சைடாக நின்றுகொள்ளும்.

எடைக்கு எடை சாம்பலும் காஸ்டிக்கும். குருணையாகப் போட்டால் சரியாகக் கலக்காது, ஒரு பக்கம் உருகி ஓடி, மறுபக்கம் சாம்பல் சாம்பலாகவே இருக்கும். காஸ்டிக்கைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, அதில் சாம்பலைக் குழைத்து, 110 °செ. ஓவனில் காயவைத்து, அப்புறம் ஃபர்னஸில் வையுங்கள். 200 °செ.யில் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு 450-க்கு ஏற்றி ஒரு மணி நேரம். மிச்ச ஈரம் போகும்போது பொங்கும், க்ரூசிபிளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள்.

க்ரூசிபிள் நிக்கலாகவே இருக்கட்டும். பீங்கானை உருகிய காஸ்டிக் அரிக்கும், அந்த சிலிக்காவும் அலுமினாவும் உங்கள் கணக்கில் சேரும். பிளாட்டினத்தையும் அரிக்கும், அதற்கு யார் பதில் சொல்வது? இரும்புப் பாத்திரம் தாங்கும், ஆனால் கழற்ற வேண்டிய இரும்பை நீங்களே சேர்ப்பானேன்.

எடைக்கு எடை காஸ்டிக் என்பதைக் கவனித்தீர்களா? 1 டன் சாம்பலுக்கு 1 டன் காஸ்டிக், அதிலிருந்து அதிகபட்சம் அரைக் கிலோவுக்கும் குறைவான அருமண். ப்ராஜெக்ட் அறிக்கையில் “மலிவான முறை” என்று எழுதும் முன் இதை ஒருமுறை கூட்டிப் பாருங்கள். மணவாளக்குறிச்சி மணலில் கிடைக்கும் மோனசைட்டில் பாதிக்கு மேல் அருமண் ஆக்சைடு. நம் சாம்பலில் ஒரு சதவீதத்தின் இருபதில் ஒரு பங்கு.

7. தண்ணீரில் கழுவுதல்

வறுத்த கட்டியைப் பத்து மடங்கு வெந்நீரில், 80 °செ. போல, ஒரு மணி நேரம் கலக்கி வடியுங்கள். சோடியம் சிலிக்கேட்டும் கொஞ்சம் அலுமினேட்டும் தண்ணீரோடு போய்விடும். இந்தக் காரத்தில் அருமண் கரையாது என்பதால் இழப்பில்லை. கழுவிய நீரின் பிஹெச் 10 பக்கம் வரும்வரை திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும்.

அவசரத்தில் இந்தப் படியை விட்டுவிட்டு வறுத்த கட்டியை நேராக ஆசிடில் போடுபவர்கள் உண்டு. அத்தனை சிலிக்காவும் ஆசிடுக்குள் போகும், அடுத்த படியில் என்ன ஆகும் என்று பாருங்கள்.

ஃபில்டர் பேப்பர் இந்தக் காரத்தில் இளகிக் கிழியும். பாலிபுரொப்பிலீன் குழாயில் போட்டு செண்ட்ரிஃபியூஜ் செய்வது நிம்மதி. கழுவிய நீரை ஆசிட் கழிவு கேனில் ஊற்றாதீர்கள், சூடாகிக் கட்டிப்படும். தனி கேன், அதிலிருந்து ஒரு சிறு மாதிரி அளவீட்டுக்கு.

8. ஆசிடில் கரைத்தல்

10 கிராம் சாம்பலிலிருந்து வந்த கழுவிய திண்மத்துக்கு 400 மி.லி. 1.5 மோலார் ஹைட்ரோகுளோரிக் ஆசிட், 60 °செ., ஒரு மணி நேரம். 100 கிராம் வேண்டுமென்றாலும் பத்துப் பத்தாகச் செய்யுங்கள்.

ஆசிடை முதலில் பீக்கரில் எடுத்து, கலக்கிக்கொண்டே திண்மத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். திண்மத்தின் மேல் ஆசிடை ஊற்றக் கூடாது. ஊற்றினால் கலவை காரத்திலிருந்து அமிலத்துக்குப் போகும் வழியில் பிஹெச் 5, 6 என்ற இடத்தைக் கடக்கும், சிலிக்கா மிக வேகமாகக் கட்டிப்படும் இடம் அதுதான். கண் மூடித் திறப்பதற்குள் பீக்கர் முழுவதும் நுங்கு மாதிரி ஆகிவிடும், வடிக்கவும் முடியாது, கழுவவும் முடியாது, உள்ளே மாட்டிய அருமண் மாட்டியதுதான்.

சரியாகச் செய்தாலும் சிலிக்கா கரைசலில் இருக்கத்தான் செய்யும், நேரம் ஆக ஆகக் கட்டிப்படும். ஆகவே அன்றைக்கே வடித்துவிடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று மூடிவைக்க வேண்டாம். வடிகட்டுவது இழுத்தால் சூடாக இருக்கும்போதே கொஞ்சம் ஜெலட்டின் கரைசல் விட்டால் சிலிக்கா திரண்டு இறங்கும்.

சல்ஃபூரிக் ஆசிட் மலிவாயிற்றே என்று கேட்பார்கள். இரண்டு காரணங்களால் வேண்டாம். கால்சியம் ஜிப்சமாகப் படியும், படியும்போது அருமண்ணையும் இழுத்துக்கொள்ளும். அதைவிட மோசம், கழுவியும் மிச்சமிருக்கும் சோடியத்தோடு சேர்ந்து லாந்தனம், சீரியம், நியோடிமியம் போன்ற இலகுவகை அருமண்கள் இரட்டை சல்ஃபேட்டாகப் படிந்துவிடும், சூட்டில் இன்னும் கூடுதலாக. மிச்சத் திண்மத்தில் இலகுவகை மட்டும் அதிகமாகத் தெரிந்தால் இதுதான் காரணம்.

9. அலுமினியத்தையும் இரும்பையும் கழற்றுதல்

இப்போது கையில் இருக்கும் கரைசலில் அருமண் லிட்டருக்கு 10 மில்லிகிராம், அலுமினியம் லிட்டருக்கு 3 கிராம் என்ற அளவில் இருக்கும். இங்கே பொறுமையில்லாமல் நேராக ஆக்ஸாலிக் ஆசிடை ஊற்றினால் பெரும்பாலும் ஒன்றும் படியாது, ஏனென்றால் அலுமினியமும் ஃபெரிக் இரும்பும் ஆக்ஸாலேட்டைக் கரையும் அணைவுச் சேர்மங்களாகப் பிடித்துக்கொள்ளும். முதலில் செறிவாக்க வேண்டும்.

நான் சொல்வது கரைப்பான் வழி. டை-எதில்ஹெக்சில் பாஸ்பாரிக் ஆசிட், லேபில் டி2-இஹெச்பிஏ என்பார்கள், அதை மண்ணெண்ணெயில் 0.5 மோலாராகக் கரைத்து, 5 சதவீதம் டிரைபியூட்டைல் பாஸ்பேட் சேர்த்துக்கொள்ளுங்கள். இது இல்லாவிட்டால் சில சமயம் மூன்றாவது அடுக்கு ஒன்று பிரிந்து தொல்லை கொடுக்கும்.

கரைசலின் பிஹெச்சை நீர்த்த அம்மோனியாவால் மெதுவாக 1.8-க்கு ஏற்றுங்கள். பிறகு அஸ்கார்பிக் ஆசிடை, கரைசலின் மஞ்சள் மங்கி நிறமில்லாமல் ஆகும்வரை சிறிது சிறிதாகப் போடுங்கள். ஃபெரிக் இரும்பு டி2-இஹெச்பிஏவில் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும், பிறகு அதை ஆசிடால்கூடக் கழற்றுவது கடினம். ஃபெரஸாக மாற்றிவிட்டால் தண்ணீரிலேயே தங்கிவிடும். நிறம் போன பிறகு தாமதிக்காதீர்கள், காற்றுப் பட்டால் மறுபடி ஃபெரிக்காகத் தொடங்கும்.

ஐந்து பங்கு கரைசலுக்கு ஒரு பங்கு எண்ணெய் (மேலே கலந்த டி2-இஹெச்பிஏ மண்ணெண்ணெய்), பிரிபுனலில் ஐந்து நிமிடக் குலுக்கல். அதிகம் குலுக்கினால் நல்லது என்று நினைத்து அரை மணி நேரம் ஷேக்கரில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அருமண் சில நிமிடங்களிலேயே மாறிவிடும், அலுமினியம் மெதுவாகத்தான் எண்ணெய்க்குள் ஏறும். நீங்கள் கூடுதலாகக் குலுக்கும் நேரம் முழுவதும் அலுமினியத்துக்குத்தான் லாபம்.

டிஸ்ப்ரோசியம், இட்ரியம் போன்ற கனவகை அருமண்கள் முதல் குலுக்கலிலேயே ஏறிவிடும், லாந்தனம் பக்கம் உள்ளவை தயங்கும். குலுக்கும்போது பிஹெச்சும் இறங்கும், ஏனென்றால் ஒவ்வொரு அருமண் அயனிக்கும் மூன்று ஹைட்ரஜன் வெளியே வருகிறது. ஆகவே பிஹெச்சை மறுபடி 1.8, 2-க்குக் கொண்டுவந்து புது எண்ணெயோடு இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும். இரண்டு அடுக்குக்கும் நடுவே அழுக்கு நுரை மாதிரி நின்றால் அது சிலிக்கா, 8-ஆம் படியில் வடித்தது போதவில்லை.

பிறகு எண்ணெயிலிருந்து அருமண்ணை இறக்க 5 மோலார் ஹைட்ரோகுளோரிக் ஆசிட், பத்துப் பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு. இந்த இரண்டு அடியில் செறிவு பல மடங்கு கூடிவிடும். ஸ்காண்டியம் இந்த ஆசிடுக்கு அசையாது, அதற்குத் தனியாகக் காஸ்டிக் கழுவல் வேண்டும். தோரியமும் பெரும்பாலும் எண்ணெயிலேயே தங்கும், இதை 12-ல் பார்ப்போம்.

டி2-இஹெச்பிஏ இல்லாத லேப்களில் பிஹெச்சை ஏற்றிப் படியவைக்கும் வழி ஒன்றுண்டு: ஃபெரிக் நிலையில் 3.5-ல் இரும்பு, 5-ல் அலுமினியம், 8-க்கு மேல் அருமண். காகிதத்தில் அழகாக இருக்கும். அலுமினியம் 300 மடங்கு இருக்கும்போது அந்தக் கூழ் இறங்குகையில் அருமண்ணையும் வாரிக்கொண்டு போகும், ஸ்காண்டியம் முழுக்கவே போய்விடும். வேறு வழியில்லை என்றால் காஸ்டிக் துளிகளுக்குப் பதில் சுண்ணாம்புக்கல் தூளைத் தண்ணீரில் கலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், காஸ்டிக் துளி விழும் இடத்தில் மட்டும் பிஹெச் 12-க்கு எகிறி எல்லாமே ஒன்றாகப் படியும். படிந்ததைக் கரைத்து ஒரு முறை மறுபடி படியவைக்கவும்.

10. ஆக்ஸாலேட்டாகப் படியவைத்தல்

இறக்கிய கரைசலில் ஆசிட் மிக அதிகம், அப்படியே ஆக்ஸாலேட் படியாது. ஹாட் பிளேட்டில் ஏறக்குறைய வற்றவிட்டு, தண்ணீரில் கரைத்து, அம்மோனியாவால் பிஹெச் 1.5-க்குக் கொண்டுவாருங்கள். 70 °செ.யில் சூடான ஆக்ஸாலிக் ஆசிட் கரைசலைத் தேவைக்கு மேலாகவே, ஆனால் துளித்துளியாக விடுங்கள். வேகமாக ஊற்றினால் மாவாகப் படிந்து பேப்பரைத் தாண்டும். இரவு முழுவதும் ஆறவிட்டு, சாம்பல் இல்லாத ஃபில்டர் பேப்பரில் வடித்து, 1 சதவீத ஆக்ஸாலிக் ஆசிடால் கழுவுங்கள். வெறும் தண்ணீரில் கழுவினால் கொஞ்சம் கரைந்து போகும். 40 மில்லிகிராமில் “கொஞ்சம்” என்பது பெரிது.

அம்மோனியம் ஆக்ஸாலேட் அலமாரியில் இருக்கிறது என்று அதை எடுக்க வேண்டாம். அது மிஞ்சினால் இட்டெர்பியம், லுட்டீசியம் பக்கம் உள்ள கனவகைகள் அணைவாகி மறுபடி கரைந்துவிடும். பிஹெச் 2-ஐத் தாண்டியும் போகாதீர்கள், கால்சியம் ஆக்ஸாலேட் காத்துக்கொண்டிருக்கிறது.

11. சுட்டு ஆக்சைடாக்குதல்

பேப்பரோடு 800 °செ.யில் இரண்டு மணி நேரம். இங்கே பீங்கான் க்ரூசிபிள் போதும். சீரியம், பிரசியோடிமியம் இருப்பதால் தூள் வெளிர் பழுப்பாக வர வேண்டும். 40 மில்லிகிராம் தனிமத்துக்கு ஆக்சைடு 47 மில்லிகிராம் போல வரும், அதுவும் ஒரு துளி இழப்பில்லாமல் செய்திருந்தால். பளிச்சென்று வெள்ளையாக 100 மில்லிகிராம் வந்தால் அது பெரும்பாலும் சுண்ணாம்பு. திறந்து வைத்து மறுநாள் எடைபோட்டால் ஈரத்தை இழுத்து எடை கூடியிருக்கும். கரைத்து 10-ஆம் படியைத் திரும்பச் செய்யுங்கள்.

தூய்மை சொல்லும்போது ஐசிபியில் அருமண்ணை மட்டும் அளந்து அவற்றுக்குள் சதவீதம் போடாதீர்கள். தூளை எடைபோட்டுக் கரைத்து, கால்சியம், அலுமினியம், இரும்பு, சிலிக்கான் எல்லாவற்றையும் அளந்து, எடையில் எவ்வளவு அருமண் ஆக்சைடு என்று சொல்வதுதான் தூய்மை.

12. தோரியம், கழிவு, கணக்கு

ஐசிபி-எம்எஸ்ஸில் தோரியம், யுரேனியம் இரண்டையும் ஆரம்பத்திலிருந்தே சேர்த்து அளக்கச் சொல்லுங்கள், தனிச் செலவு அநேகமாக இருக்காது. டி2-இஹெச்பிஏ வழியில் தோரியம் எண்ணெயில் சேரும். அதே எண்ணெயைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் கூடிக்கொண்டே போகும். பிஹெச் வழியில் போய் நேராக ஆக்ஸாலேட் செய்தால் மிச்சத் தோரியமும் அருமண்ணோடு தூளுக்கே வந்துவிடும். இந்த அளவில் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் பழைய எண்ணெயையும் தூளையும் என்ன செய்வது என்று உங்கள் நிறுவனத்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள், சிங்க்கில் ஊற்றிவிட்டுப் பிறகு பேசாதீர்கள்.

கணக்குக்கு ஒரு அட்டவணை போதும். ஒவ்வொரு படிக்கும் ஒரு வரி: உள்ளே போன மில்லிகிராம், கரைசலில் வந்தது, திண்மத்தில் நின்றது, இரண்டின் கூட்டல். லாந்தனம், நியோடிமியம், டிஸ்ப்ரோசியம், இட்ரியம், ஸ்காண்டியம் ஐந்துக்காவது தனித்தனியாகப் போடுங்கள்; மொத்தத்தை மட்டும் போட்டால் சீரியம் மற்றதையெல்லாம் மறைத்துவிடும். கூட்டல் 90-க்கும் 110-க்கும் நடுவே நின்றால் அடுத்த படிக்குப் போகலாம். 70 என்று வந்தால் எங்கோ ஒரு வடிநீரை அளக்காமல் விட்டிருக்கிறீர்கள். அதனால் அட்டவணை நிறையும்வரை எந்த கேனையும் காலி செய்யாதீர்கள்.